பெஸ் வாய் வைக்காத ஆறு நாள்

செவ்வாயும் வெள்ளியும் ஹப்பர்ட்டின் கொட்டடியில் ஆடு அறுப்பார்கள். காலை ஷிப்ட் முடிந்து சுரங்கத்திலிருந்து மேலே வந்ததும் கரியைக் கழுவிக்கொண்டு நாங்கள் நேரே அங்கேதான் போவோம். நுரையீரல், இதயம், ஈரல் மூன்றும் மூச்சுக்குழாயில் ஒரே கொத்தாகத் தொங்கும். கூடவே சுவரொட்டி என்கிற மண்ணீரலும், குண்டிக்காய் என்கிற இரண்டு சிறுநீரகமும் காகிதத்தில் சுற்றி வரும். சாயங்காலம் எங்கள் ஊர் ஸ்கெல்பியின் எந்தக் கொல்லைச் சந்தில் நடந்தாலும் பலகையில் கத்தி விழும் சத்தம் கேட்கும். ஃபெரட்டுக்குத் தீனி வெட்டுகிறார்கள் என்று அர்த்தம். இப்போது நினைத்தாலும் அந்தச் சத்தம் காதில் இருக்கிறது. நான் கேட்ட வேறு எத்தனையோ சத்தங்கள் போய்விட்டன.

யார்க்‌ஷயரில் நிலக்கரி தோண்டின ஊர்களில் வீட்டுக்கு இரண்டு ஃபெரட்டாவது இருந்த காலம் அது. கீரிக்குத் தம்பி மாதிரி ஒரு பிராணி. ஞாயிற்றுக்கிழமை முயல் வளைக்குள் விட்டால், உள்ளே இருக்கிற முயல் பயந்து வெளியே ஓடிவந்து வலையில் விழும். ஈரல் ஃபெரட்டுக்கு, மிச்சம் நமக்கு. ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பத்து நாலில் முயல்களுக்குக் கண் வீங்கும் நோய் வந்தது. மேடு முழுக்கச் செத்துக் கிடந்தன. வேட்டை நின்றது. அப்புறம்தான் நாங்கள் எல்லாரும் ஆட்டு உறுப்புக்கு மாறினோம்.

"வேலை இல்லாத பிராணிக்கு எதுக்கு வாரம் ரெண்டு தடவை விருந்து?" என்பாள் என் மனைவி எட்னா.

"ஞாயித்துக்கிழமை எனக்கும்தான் வேலை இல்ல. எனக்குச் சோறு போடறதில்லையா நீ?" என்பேன்.

வெட்டுவதில் முறை உண்டு. முதலில் ஈரலில் ஒட்டியிருக்கிற பித்தப்பையை எடுக்கவேண்டும். அது உடைந்தால் பச்சைத் தண்ணீர் பரவி, பட்ட இடமெல்லாம் கசந்துபோகும். அப்புறம் ஈரலைச் சுண்டுவிரல் நுனி அளவுக்கு நறுக்கவேண்டும், அதுவும் கொஞ்சம்தான். ஈரல் அதிகமானால் வயிறு இளகிவிடும். இதயம் தாராளமாகப் போடலாம், அதுதான் உடம்பில் நிற்கும். நுரையீரல் ரொட்டி மாதிரி, வயிற்றை நிரப்பும், அவ்வளவுதான். சுவரொட்டி ஒரு விரல் நீளம். குண்டிக்காயைத் தோல் உரித்து நாலாக்கவேண்டும். மூச்சுக்குழாயை வளையம் வளையமாக வெட்டிப் போட்டால் பல்லுக்கு நல்லது. கழுவக்கூடாது. கழுவினால் வாசனை போய்விடும். ஃபெரட்டுக்குக் கண்ணைவிட மூக்குதான் பெரிது. ஒரு நேரத்துக்கு வேண்டியதை மட்டும் வெட்டவேண்டும். மிச்சம் வைத்தால் வைக்கோலுக்குள் ஒளித்துவைத்துவிடும், அப்புறம் ஈ மொய்க்கும், பக்கத்து வீட்டுக்காரி கத்துவாள்.

இதெல்லாம் எனக்குத் தெரியும். என்னிடம் இரண்டு ஆண் ஃபெரட் இருந்தன, எது போட்டாலும் தின்னும், என் பூட்ஸ் நாடாவைக்கூட. ஆனால் ஸ்கெல்பியில் ஃபெரட் என்றால் எனோக் தாக்ரேதான். என்னைவிடப் பன்னிரண்டு வயது மூத்தவர். இருபது வருஷம் கரி வெட்டும் ஒரே சுரங்க முகத்தில் பக்கத்துப் பக்கத்தில் மண்டியிட்டு வேலை செய்திருக்கிறோம். மனைவி போய் ஒன்பது வருஷம். பிள்ளை இல்லை. பெஸ் என்று வெள்ளையில் ஒரு பெட்டை ஃபெரட் வைத்திருந்தார். சுரங்கக்காரர் கிளப்பில் வருஷா வருஷம் நடக்கும் போட்டியில் இரண்டு தடவை முதல் பரிசு வாங்கினது. அதன் உடம்பைத் தடவினால் புதுச் சோப்பைத் தடவின மாதிரி இருக்கும்.

எனோக் என்ன தீனி போடுகிறார் என்பது ஊருக்கே தெரியாத ரகசியம். கொட்டகைக் கதவைச் சாத்திக்கொண்டுதான் போடுவார். பீர் ஊற்றுகிறார் என்றார்கள். மீன் எண்ணெய் என்றார்கள். கேட்டால், "வெட்டத் தெரிஞ்சா போதும்டா. உங்களுக்கெல்லாம் கத்தி புடிக்கவே தெரியல" என்பார்.

ஐம்பத்தைந்து ஜூனில், ஒரு திங்கட்கிழமை, சுரங்க முகத்தில் கூரை இறங்கியது. எனக்கு இரண்டு முழம் தள்ளி. எனோக்கின் இடது கால் தொடை வரைக்கும் கல்லுக்கு அடியில். அவரைத் தோண்டி எடுக்க ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆயிற்று. தூக்குப்படுக்கையில் வைத்துக் கட்டும்போது கண்ணைத் திறந்து என் சட்டையைப் பிடித்தார்.

"டேய் கிளெம். பெஸ் இன்னும் சாப்பிடலடா."

"யோவ், உன் கால் எப்படிக் கெடக்குன்னு என்னாலயே பார்க்க முடியல. பெஸ்ஸாம்."

"பாத்துக்கடா."

"பாத்துக்கறேன். வாய மூடு."

அன்று சாயங்காலமே அவர் கொட்டகைக்குப் போய்ப் பெஸ்ஸை என் வீட்டுக்குக் கொண்டுவந்தேன். அதன் கூண்டு, அதன் வைக்கோல், அதன் தட்டு எல்லாமே. என் ஃபெரட்டுகளுக்கு வெட்டிக்கொண்டிருந்த உறுப்பில் நல்ல பாகமாகப் பார்த்து எடுத்துப் போட்டேன். பெஸ் வந்து முகர்ந்தது. நிமிர்ந்து என்னைப் பார்த்தது. திரும்பிப்போய் வைக்கோலுக்குள் புகுந்துகொண்டது.

புது இடம், பழகிவிடும் என்று நினைத்தேன்.

செவ்வாய்க்கிழமை ஹப்பர்ட்டிடம் போய், "எனோக்குக்கு என்ன குடுப்பியோ அதையே குடு" என்றேன்.

"உனக்கு என்ன குடுக்கறனோ அதையேதான் அவனுக்கும் குடுக்கறேன். ஆட்டுக்கு ரெண்டு வெதமான ஈரலா இருக்கு?" என்றார் ஹப்பர்ட்.

சூடு ஆறுவதற்குள் ஓடிவந்து வெட்டினேன். தொடவில்லை. இதயத்தை மட்டும் வைத்துப் பார்த்தேன். ஈரலை மட்டும் வைத்துப் பார்த்தேன். மறுநாள் பொடியாக நறுக்கினேன், அப்புறம் நறுக்காமல் அப்படியே போட்டேன். பீர் ஊற்றிப் பார்த்தேன், மீன் எண்ணெய் விட்டுப் பார்த்தேன். கிளப்பில் யார் என்ன கதை சொல்லியிருந்தார்களோ அத்தனையும் செய்தேன். ஒவ்வொரு தடவையும் வரும், முகரும், யாரையோ தேடுகிற மாதிரி தட்டைச் சுற்றிப் பார்க்கும், போய்விடும். விரலில் முட்டை மஞ்சள் தடவி நீட்டினால் நாலு நக்கு நக்கும். அதில்தான் உயிர் ஓடிக்கொண்டிருந்தது.

புதன்கிழமை ஆஸ்பத்திரியில் பார்க்க விடும் நாள். பஸ் பிடித்து டவுனுக்குப் போனேன். அப்போது எனக்கு எழுத்துத் தெரியாது. பலகைகளை அண்ணாந்து பார்த்துக்கொண்டு நின்று, தெரிந்த மாதிரி தலையாட்டிவிட்டு, யாராவது வந்தால் வழி கேட்டு, ஒரு வழியாக எலும்பு முறிவு வார்டைப் பிடித்தேன். எனோக்கின் காலை ஒரு கம்பியில் கட்டித் தூக்கியிருந்தார்கள். காலை எடுப்பதா வைப்பதா என்று டாக்டர்கள் இன்னும் முடிவு செய்யவில்லையாம். என்னைக் கண்டதும் அவர் கேட்டது அதைப் பற்றி இல்லை.

"சாப்பிடுதா?"

கம்பியில் தொங்கும் காலைப் பார்த்தேன். "ம். நல்லா சாப்பிடுது" என்றேன்.

"வெளிக்கு எப்படிப் போகுது?"

"நல்லா போகுது."

"நல்லான்னா? நெறத்தச் சொல்லுடா."

"கறுப்பு."

"இறுகியா, எளகியா?"

"இறுகிதான். கயிறு மாதிரி."

பக்கத்துக் கட்டிலில் இரண்டு கையும் கட்டுப்போட்டு உட்கார்ந்திருந்த ஒருவர் திரும்பினார். "பெரியவரே, நாங்க இங்க டீ குடிச்சிட்டு இருக்கோம். எனக்கு ஊட்டறதுக்கே ஒரு ஆள் வேணும். அதுல மண்ணப் போடாதீங்க."

எனோக் அவரைக் கவனிக்கவில்லை. "தட்டுலேருந்தா சாப்பிடுது? உன் கையால வெட்டினதயா?" என்று மறுபடி கேட்டார்.

"வேற யாரு கையால?"

"ஓ" என்றார். முகம் ஒரு மாதிரி சுருங்கிற்று. கால் வலிக்கிறது போல என்று நினைத்து நர்சைக் கூப்பிட்டேன். நான் அவ்வளவு புத்திசாலி.

வியாழன், வெள்ளி. பெஸ்ஸின் முதுகெலும்பு கைக்குத் தட்டுப்பட ஆரம்பித்தது. ரோமம் மங்கிவிட்டது. வெள்ளிக்கிழமை புது உறுப்பு வாங்கிவந்தபோது கூண்டைத் திறந்தும் அது எழுந்து வரவில்லை, தலையை மட்டும் தூக்கிற்று. என் இரண்டு தடியன்களும் பக்கத்துக் கூண்டில் கம்பியைப் பிறாண்டிக்கொண்டு குதித்தன. அவற்றைப் பார்க்க எனக்கு ஆத்திரமாக வந்தது.

"அவருகிட்ட உண்மையச் சொல்லிடு கிளெம்" என்றாள் எட்னா.

"கால எடுக்கலாமா வேணாமான்னு கெடக்கற மனுஷன்கிட்ட போயி, உன் பெஸ் சாகப்போகுதுன்னு சொல்லவா?"

"செத்த அப்புறம் சொல்லலாம்னு இருக்கியா? அப்ப மட்டும் அவரு துள்ளிக் குதிப்பாராக்கும்."

நான் கத்தியைக் கழுவினேன். ஏற்கெனவே கழுவின கத்திதான்.

சனிக்கிழமை முட்டையும் நக்கவில்லை. ஒரு துணியைப் பாலில் நனைத்து வாயோரம் பிழிந்தேன். பாதி உள்ளே போயிற்று. கையில் எடுத்தால் வெறும் தோல் பை மாதிரி தொங்கிற்று. இரண்டு பரிசு வாங்கின பெட்டை. அதை என் நெஞ்சோடு வைத்துக்கொண்டு கொல்லைப் படியில் உட்கார்ந்திருந்தேன். அப்போது அது என் சட்டைப் பையை முகர்ந்தது. வாயை முகர்ந்தது. அப்புறம் தலையைக் கீழே போட்டுக்கொண்டது. ஏன் என் வாயை முகர்கிறது என்று எனக்கு யோசிக்கத் தோன்றவில்லை.

ஞாயிற்றுக்கிழமை மறுபடியும் பார்க்கிற நாள். எனோக்கின் கட்டிலுக்குப் பக்கத்தில் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தேன். காலை எடுக்கவில்லை, விறைத்துப்போகும் ஆனால் இருக்கும் என்று டாக்டர் சொல்லிவிட்டார் என்றார். நல்ல சேதிதான். எனக்குத்தான் சந்தோஷப்படத் தெரியவில்லை.

"யோவ் எனோக். அது சாப்பிடல."

"எப்பலேருந்து?"

"நீ வந்த அன்னிலேருந்து. ஒரு வாய் தொடல. புதன்கிழம நான் சொன்னது பொய்."

அவர் என்னைத் திட்டுவார், தட்டை எடுத்து எறிவார் என்று எதிர்பார்த்தேன். அவர் கண்ணை மூடிக்கொண்டார். காதோரம் சிவந்தது. கோபம் இல்லை அது. ஐம்பத்தெட்டு வயது ஆளுக்கு வெட்கம் வந்தால் எப்படி இருக்கும் என்று அன்றைக்குத்தான் பார்த்தேன்.

"கிட்ட வா."

குனிந்தேன்.

"இன்னும் கிட்ட. எழுதித் தரலாம்னா உனக்குப் படிக்க வராது. காதக் குடு."

"என்ன ரகசியம் பெரியவரே?" என்றார் பக்கத்துக் கட்டில்காரர்.

"உயில் சொல்றேன். உனக்கு ஒண்ணும் எழுதல, நீ டீயக் குடி" என்றார் எனோக். என் காதில், "யாருகிட்டயும் சொல்லமாட்டேன்னு சத்தியம் பண்ணு" என்றார்.

"பண்ணிட்டேன்."

"எட்னாகிட்டயும்."

"அவகிட்ட எதையும் சொல்லவேண்டியதே இல்ல, அவளே கண்டுபுடிச்சிடுவா. சொல்லுய்யா."

அவர் சொன்னது இது. இரண்டு வருஷத்துக்கு முன்னால், பெஸ் பிறந்து மூன்று வாரத்தில், அதன் தாய்க்கு மடி வீங்கிச் செத்துப்போயிற்று. ஏழு குட்டியில் ஆறும் போய்விட்டன. மிஞ்சின ஒன்றைச் சட்டைக்குள் போட்டுக்கொண்டார். பாலைத் துப்பிற்று. ரொட்டியைத் துப்பிற்று. கையில் அப்போது பிடித்த முயலின் ஈரல் இருந்தது. அதை மெல்லப் பல் இல்லாத குட்டி. ஆகவே ஷிப்ட் முடிந்து வந்த வாயோடு அந்த ஈரலைத் தானே மென்று, கூழாக்கி, உதட்டில் வைத்துக் கொடுத்தார். தின்றது. மறுநாளும் கொடுத்தார். பல் வந்த பிறகு தட்டில் வெட்டிப்போட்டால் ஏறெடுத்தும் பார்க்கவில்லை.

"அன்னிலேருந்து நான்தான் மென்னு குடுக்கறேன். தினமும். முதல் வாய் நான் குடுக்கணும். அப்புறம்தான் தட்டுல இருக்கறது தீனின்னு அதுக்குத் தெரியும்."

"நீ மென்னா? பச்ச ஈரலயா?"

"சத்தமாப் பேசாதடா. கிளப்புல தெரிஞ்சா மானம் போகும். தாக்ரே கிழவி தாய்ப்பால் குடுக்கறாளான்னு கேப்பானுங்க."

எனக்குச் சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டேன். "சரி, நானும் மெல்றேன். அவ்வளவுதானே?"

"உன் வாய் ஆகாது" என்றார். "உன் வாய் சுத்த வாய்."

அப்போதுதான் எனக்கு விளங்கிற்று. சுரங்கத்துக்குள் தீப்பெட்டி கொண்டுபோகக் கூடாது. ஆகவே எல்லாரும் கயிறாக முறுக்கின புகையிலையைக் கன்னத்தில் அடக்கிக்கொண்டுதான் வேலை செய்வார்கள். ஷிப்ட் முடிந்து வருகிற வாய் என்றால் புகையிலை வாய். நான் ஒருவன்தான் அதைத் தொடாதவன். தொடவே மாட்டேன் என்று எட்னா வீட்டார் போகும் சபையில் ஆணையிட்டுக் கொடுத்த பிறகுதான் அவளை எனக்குக் கட்டிக்கொடுத்தார்கள். ஈரலும் புகையிலையும் கலந்த வாசனைதான் பெஸ்ஸுக்குத் தீனியின் வாசனை. பிறந்ததிலிருந்து அதற்கு வேறு தெரியாது. நான்தான் ஊரிலேயே சுத்தமான ஈரலை, ஊரிலேயே சுத்தமான வாயோடு ஆறு நாள் நீட்டிக்கொண்டிருந்தேன்.

எனோக் தலையணைக்கு அடியில் கையை விட்டார். கட்டைவிரல் அளவுக்குக் கறுப்புப் புகையிலை முறுக்கு ஒன்று என் உள்ளங்கைக்கு வந்தது. "சிஸ்டர் பார்க்காம வச்சுக்க. மொதல்ல இத மெல்லு, நல்லா ஊறணும். துப்பிடு. ஒரு துணுக்குகூட இருக்கக்கூடாது, அதுக்கு ஆகாது, வாசன மட்டும்தான். அப்புறம் ஈரலப் போட்டு இருவது எண்ணு. முழுங்கிடாத."

"எத?"

"ரெண்டயும்டா."

பஸ் அன்றைக்குப் போன வேகத்தை என் ஆயுளில் மறக்கமாட்டேன். ஒவ்வொரு நிறுத்தத்திலும் ஒரு கிழவி ஏறினாள், ஒரு கிழவி இறங்கினாள். வீட்டுக்குள் நுழைந்தபோது எட்னா சபைக்குப் போகத் தொப்பி வைத்துக்கொண்டிருந்தாள்.

"உயிரோட இருக்கா?" என்றேன்.

"மூச்சு இருக்கு. நீ கெளம்பலியா?"

"இன்னிக்கு வரல" என்று கொல்லைக்குப் போனேன். அவள் தொப்பியோடு பின்னாலேயே வந்தாள்.

வெள்ளிக்கிழமை ஈரல் நிலவறைக் கல்லில் ஈரத்துணிக்கடியில் இருந்தது. முகர்ந்து பார்த்து, நடுவிலிருந்து ஒரு துண்டு வெட்டி வைத்துக்கொண்டேன். அப்புறம் புகையிலையைக் கடித்தேன். நாக்கு எரிந்தது. தொண்டை எரிந்தது. தலை லேசாகி, வெளிச்சம் மஞ்சளாகி, கரிக்குவியலின் மேலேயே உட்கார்ந்துவிட்டேன். நெற்றியில் வேர்வை.

"என்ன வாயில?" என்றாள் எட்னா.

பேச முடியவில்லை. கையைக் காட்டினேன், பொறு என்று.

"கிளெம். அது பொகையிலதானே? எங்க அப்பா முன்னால நின்னு என்ன சொன்ன நீ?"

துப்பினேன். வாயைத் துடைத்தேன். ஈரலைப் போட்டேன். குளிர்ந்து வழவழவென்று, ரத்தமும் இரும்பும் போல. ஒன்று, இரண்டு, மூன்று என்று விரலை மடக்கி எண்ணினேன். எட்டிலேயே குமட்டிற்று. எட்னா இரண்டு கையாலும் வாயை மூடிக்கொண்டாள், தன் வாயை. இருபது வந்ததும் மென்றேன். பெஸ்ஸை எடுத்து, அந்தக் கூழை உதட்டில் வைத்துக்கொண்டு, முகத்தருகே பிடித்தேன்.

மூக்கு அசைந்தது. கண் திறந்தது. அப்புறம் அது என் உதட்டைக் கடித்தது. தின்கிற அவசரத்தில் கடித்தது. ரத்தம் வந்தது, ஆட்டு ரத்தம் எது என் ரத்தம் எது என்று தெரியவில்லை. அந்த வலியைப் போல ஒரு இன்பம் எனக்குக் கொஞ்ச தடவைதான் கிடைத்திருக்கிறது.

"இன்னொரு துண்டு வெட்டு!" என்று கத்தினேன்.

எட்னா தொப்பியைக் கழற்றிக் கரிக்குவியலில் வைத்துவிட்டுக் கத்தியை எடுத்தாள். "எவ்வளவு பெருசு?"

"சுண்டுவெரல் நுனி. பொடியா வேணாம்."

மூன்று துண்டு. காய்ந்த வயிற்றுக்கு அவ்வளவுதான் கொடுக்கவேண்டும். நாலாவதை மெல்ல எனக்கும் தெம்பு இல்லை. நான் வேலியைப் பிடித்துக்கொண்டு வாந்தி எடுத்துக்கொண்டிருந்தேன். எட்னா ஒரு கையால் என் முதுகைத் தடவினாள், ஒரு கையில் பெஸ் இருந்தது. "கர்த்தர் மன்னிப்பாரு. எங்க அப்பா மன்னிக்கமாட்டாரு" என்றாள். அதன்பிறகு அதைப் பற்றி அவள் யாரிடமும் பேசவில்லை.

எனோக் ஆஸ்பத்திரியில் செப்டம்பர் வரை கிடந்தார். தினமும் ஷிப்ட் முடிந்து வந்து மென்றேன். ஜூலையில் எனக்குக் குமட்டுவது நின்றது. அப்புறம் ஒரு யோசனை வந்தது. புகையிலையை ஒவ்வொரு நாளும் ஒரு துளி குறைத்தேன். அப்புறம் வெறும் வாயால் மென்றேன். அப்புறம் மெல்லாமல் உதட்டில் மட்டும் வைத்துக் கொடுத்தேன், அப்புறம் விரலில், அப்புறம் தட்டின் விளிம்பில். ஆகஸ்ட் கடைசியில் பெஸ் தட்டிலிருந்து தானே தின்றது: ஈரல், இதயம், சுவரொட்டி எல்லாம். என் தடியன்களின் தட்டையும் எட்டிப் பார்த்தது. ரோமம் மறுபடி சோப்பு மாதிரி ஆயிற்று. இதை எனோக்கிடம் சொல்லி அவர் முகத்தைப் பார்க்கவேண்டும் என்று எனக்கு அப்படி ஒரு ஆசை. 'வெட்டத் தெரிஞ்சா போதும்டா' என்று அவர் குரலிலேயே சொல்லிப் பழகிவைத்திருந்தேன்.

அவர் வீட்டுக்கு வந்த மறுநாள் போனோம். நான் பெஸ் இருக்கும் பெட்டியோடு, எட்னா வெட்டி எடுத்த உறுப்புத் தட்டோடு, மேலே துணி மூடி. அவர் அடுப்படி நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். இடது கால் பலகை மாதிரி முன்னால் நீட்டிக்கொண்டிருந்தது. பாதி ஆளாகியிருந்தார்.

"உள்ள எறங்க முடியாது. மேல விளக்கு அறையில உக்காந்து சுரங்க விளக்குங்களத் துடைக்கற வேலையாவது கேட்டேன். அதுக்கும் படி ஏறணுமாம். காலைல முழிச்சு, பூட்ஸ எடுத்து வச்சிட்டு, எதுக்கு எடுத்தோம்னு யோசிக்கறேன்" என்றார்.

அப்புறம் பெட்டியைப் பார்த்தார். திறக்கச் சொல்லவில்லை.

"இப்ப தட்டுல சாப்பிடக் கத்துக்கிச்சா?" என்றார், வேறு எங்கேயோ பார்த்துக்கொண்டு.

அந்த முதல் புதன்கிழமை ஆஸ்பத்திரியில் சுருங்கினதே, அதே முகம். இந்தத் தடவை எனக்குக் கால் வலியாகத் தெரியவில்லை.

எட்னா சிரித்துக்கொண்டே, "அதை ஏன் கேக்கறீங்க, இப்பல்லாம் அது..." என்று ஆரம்பித்தாள். நான் அவள் காலை மிதித்தேன்.

"எங்க சாப்பிடுது?" என்றேன். "மூணு மாசமா உன் பொகையிலய மென்னு என் கொடல் வெந்துபோச்சு. உன் ராணிய நீயே வச்சுக்க. என்னால இனிமே ஒரு நாள்கூட ஆகாது."

"தட்டுல வைக்கவே இல்லியா?"

"வச்சா மொறைக்குது."

அவர் பெட்டியைத் திறந்து பெஸ்ஸை எடுத்து மடியில் விட்டார். கோட்டுப் பையில் புகையிலை இருந்தது. மென்றார், அடுப்பில் துப்பினார். எட்னா காலடியில் வைத்திருந்த தட்டின் துணியைத் தூக்கி ஒரு துண்டு ஈரலை எடுத்து வாயில் போட்டார். எங்கள் இருவர் எதிரிலும், கதவு திறந்திருக்க. நான் மனசுக்குள் எண்ணிக்கொண்டிருந்தேன். பன்னிரண்டு, பதின்மூன்று. புகையிலையை மறக்கடிக்க நான் ஒரு கோடைக்காலம் முழுக்கப் பாடுபட்டிருக்கிறேன். இப்போது இது தலையைத் திருப்பிக்கொண்டால் அந்த மனுஷன் எந்திரிக்கமாட்டார். அந்தப் பயம் எனக்குச் சுரங்கக் கூரை இறங்கின அன்றைக்குக்கூட வரவில்லை.

பெஸ் அவர் தாடையை முகர்ந்தது. பின்வாங்கிற்று. தும்மிற்று. தட்டு இருக்கும் பக்கம் மூக்கை நீட்டிற்று. நான் மெதுவாக, பூட்ஸ் நுனியால், தட்டை என் நாற்காலிக்கு அடியில் தள்ளினேன்.

"வாம்மா" என்றார் எனோக், உதட்டில் ஈரலோடு, சொல் குழைந்து. "வாம்மா பெஸ்."

அது மறுபடி முகர்ந்தது. இரண்டு முன்காலையும் அவர் மார்பில் ஊன்றி எழுந்து நின்றது. அப்புறம் தின்றது.

எட்னா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். எனோக் கண்ணைத் துடைக்கவில்லை, இரண்டு கையும் அதைப் பிடித்துக்கொண்டிருந்தன. அது தின்று முடித்ததும், "தட்டு எங்கடா போச்சு? அடுத்த துண்டக் குடு" என்றார். நாற்காலிக்கு அடியிலிருந்து எடுத்து நீட்டினேன். அதை வாங்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

"இதுவா வெட்டற லட்சணம்? இவ்வளவு பெருசா? அதான் மொறைச்சிருக்கு."

"ஆமாய்யா" என்றேன். "எனக்குக் கத்தி புடிக்கத் தெரியல."